மூன்று கேள்விகளும் ஒரு துவாரமும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணியில், வட்டச் சுவர்களோடு கடலைப் பார்த்து நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை அறியாத சென்னைவாசி இருக்க முடியாது. ஆனால் அந்த வட்டாரம் முழுவதற்குமே இன்றளவும் 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணத்தைக் கேட்டால், பலர் சற்றுத் தயங்கவே செய்வார்கள். பாஸ்டன் நகரத்து வர்த்தகரான பிரெடெரிக் டியூடர் என்பவர், தம் ஊர்ப் பக்கத்துக் குளங்களில் மாரிக்காலத்தில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து சேமிப்பதற்காக 1842-ஆம் ஆண்டில் எழுப்பிய கிடங்கு அது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1833-இல், கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதற் கப்பலில் ஏற்றப்பட்ட 180 டன் பனிக்கட்டியில், நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததைக் கண்டு ஊரே அதிசயித்தது. நம்முடைய முன்னோரில் சிலர் முதன்முதலாக உறைந்த நீரைக் கையால் தொட்டுப் பார்த்தது இவ்விதமாகத்தான். அந்தப் பாளம் ஒரு குளத்தின் கூரையாக இருந்தது என்பதையோ, அந்தக் கூரையின்கீழ் மீன்கள் உலவிக்கொண்டிருந்தன என்பதையோ அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவ்விதம் பனிக்கட்டி அறுக்கப்பட்ட குளங்களுள் ஒன்று, மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்னும் ஊரை அடுத்த வால்டன் குளம். அதன் கரையில் குடிசை கட்டி வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1846–47 குளிர்காலத்தில் ஐரிஷ்காரத் தொழிலாளர் நூறு பேர் வந்து குளத்தின் தோலை உரிப்பதுபோல் பனிக்கட்டியை அறுத்துச் சென்றதைப் பார்த்தார். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளவர்கள் என் கிணற்று நீரையே பருகப் போகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு உவகை தந்தது. ஆனால் நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது, அதற்கு முந்திய ஆண்டின் தொடக்கத்தில் அவர் செய்த காரியம். அடியே கிடையாது என்று ஊரார் நம்பிவந்த அந்தக் குளத்தின் ஆழத்தை, பனித்தரையில் துவாரங்கள் இட்டு, ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்து, மிகவும் ஆழமான இடம் 102 அடி என்று கண்டார். கல் தரையைத் தொட்டதும் கயிறு தளர்கிறது. அதை மீண்டும் தூக்கும்போது நீர் கல்லுக்கு அடியில் புகும்வரை கை சற்று அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேற்றுமையைக் கை அறிந்துகொள்வதே அவருடைய கருவி. அதே குளத்தில் குளிர்காலத்தில் மீன் பிடிக்க வந்தவர்கள், துவாரத்துக்கு மேலே ஒரு மரக்கொப்பை நட்டு, அதில் தூண்டிற் கயிற்றைச் சாத்தி, ஓர் உலர்ந்த ஓக் இலையைக் கட்டி வைத்தார்கள் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். மீன் இழுத்தால் இலை கீழே இறங்கும். தொலைவிலிருந்தே அது தெரியும்.

பனித்தரையில் நின்று மீன் பிடிப்பவனுக்கு மூன்று கேள்விகள் உண்டு. காலடியில் நீர் எவ்வளவு ஆழம்? அங்கே மீன் இருக்கிறதா? இருந்தால் இரையைக் கடித்ததா? தோரோவின் கல் முதல் கேள்விக்கு விடை. ஓக் இலை மூன்றாவதற்கு விடை. இடையிலே உள்ள கேள்விக்குத்தான் விடை இல்லை. இந்தத் தொழிலுக்கு இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கும் மின்னணுச் சாதனங்களின் சரித்திரம் முழுவதும், அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கேள்வி எழுவதற்கே இயற்கையின் ஒரு விசித்திரம் காரணமாக இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போக, நீர் மாத்திரம் நான்கு டிகிரி செல்சியஸில் தன் முழுக் கனத்தை அடைந்து, அதற்குமேல் குளிர்ந்தால் மீண்டும் விரிந்து இலேசாகிவிடுகிறது. அதனால் உறைபனி மேலே மிதக்க, அடியில் நான்கு டிகிரியை ஒட்டிய நீர் தங்கிவிடுகிறது. அங்கே மீன்கள் தம் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு, குறைவாக உண்டு, குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நான்கு அங்குலம் கனத்துத் தெளிவாக உறைந்த கட்டி ஓர் ஆளைத் தாங்கும் என்பது வடதேசத்து மீனவர்களின் கணக்கு. மேலே நிற்பவனுக்கும் கீழே உலவுவதற்கும் இடையே அரைச் சாண் கனமே. ஆயினும் ஒருவரை ஒருவர் காண முடியாதபடி அந்த அரைச் சாண் மறைத்துவிடுகிறது.

இந்த மறைப்பை முதலில் நீக்கியவர்கள், வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்து வாழ்ந்த ஓஜிப்வே முதலிய பூர்வகுடிகள். பனித்தரையில் ஒரு துவாரம் வெட்டி, அதன்மேல் சில கொம்புகளை நாட்டிக் கம்பளியால் மூடி, அதற்குள் தலையை நுழைத்துப் பாயின்மேல் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். உள்ளே இருட்டு, வெளியேயோ சூரியவெளிச்சம் வெண்பனியின் ஊடாகவும் கட்டியின் ஊடாகவும் இறங்கி நீரை நிரப்பியிருக்கிறது. கண்ணுக்கு மேலே ஒளி இல்லாமற் போனதும், கண்ணாடிபோல் மினுக்கிக்கொண்டிருந்த நீர்ப்பரப்பு மறைந்து, பச்சை விளக்கேற்றிய அறைபோல அடிவரை துலங்கும். நம் வீடுகளில் சன்னற்கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியே தெருவைப் பார்ப்பவர், தெருவிலிருப்பவர் கண்ணுக்குப் படாமல் எல்லாவற்றையும் பார்க்கிறார் அல்லவா? அதே தந்திரம்தான். பிற்காலத்தில் வந்து குடியேறிய வெள்ளையரும் இதைக் கற்றுக்கொண்டு, கம்பளிக்குப் பதிலாகப் பலகையால் சிறு அறைகள் கட்டி, உள்ளே விறகடுப்பும் வைத்துக்கொண்டார்கள்; மின்னசோட்டா மாநிலத்தில் இன்றும் அதற்கு 'இருட்டு வீடு' என்றே பெயர்.

இருட்டு வீட்டுக்குள் இருப்பவன் கையில் தூண்டில் இல்லை. ஒரு கையில் சிறு கோல்; அதன் நூலில் மரத்தில் செதுக்கிய மீன் ஒன்று தொங்குகிறது. வயிற்றைக் குடைந்து ஈயம் ஊற்றி, தகரத்தால் துடுப்புகள் பொருத்தி, வாலைச் சற்றே வளைத்துச் செதுக்கியிருப்பதால், கோலை அசைத்தவுடன் அது வட்டமிட்டு நீந்தும். அதைத் தின்னவோ விரட்டவோ பைக் என்னும் பெரிய மீன் வந்து நிற்கும்போது, மறு கையிலுள்ள பல முனை ஈட்டி சப்தமின்றி நீரில் இறங்கும். அடித்தரை இருண்டிருந்தால், உருளைக்கிழங்குத் துண்டுகளையோ முட்டையோடுகளையோ தூவி, வெண்மையான பின்புலம் அமைத்துக்கொள்வதும் உண்டு. மிச்சிகன் மாநிலத்துக் காடிலாக் என்னும் ஊரில் வாழ்ந்து 1951-இல் மறைந்த ஆஸ்கர் பீட்டர்ஸன் என்பவர் இவ்வகை மரமீன்களை ஆயிரக்கணக்கில் செதுக்கிச் சொற்ப விலைக்கு விற்றார். அவற்றை இன்று கலைப்பொருள் சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள்.

தர்க்க நூலார் அறிவைப் பெறும் வழிகளுள் பிரத்தியட்சம், அனுமானம் என்று இரண்டை முன்வைப்பார்கள். நேரே கண்ணால் காண்பது ஒன்று. மலைமேற் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது மற்றொன்று. இருட்டு வீட்டுக்காரன் பெற்றது பிரத்தியட்சம். ஆனால் அதற்கு நீர் தெளிந்திருக்க வேண்டும், ஆழமும் குறைவாக இருக்க வேண்டும். முப்பது அடிக்குக் கீழே ஒளி மங்கிய நீரில் உலவும் வாலை என்னும் சுவையான மீனை அவ்விதம் காண்பது அரிது. ஆழ்நீருக்குப் போக விரும்பியவன் அனுமானத்தையே நம்ப வேண்டியிருந்தது, புகையோ கிடைக்கவில்லை.

புகை கிடைக்காத காலத்தில் மனிதர் வேறு உபாயங்களைக் கையாண்டார்கள். சுவீடன் தேசத்துப் பாதிரியாரான ஓலாஸ் மாக்னஸ் 1555-இல் ரோமாபுரியில் வெளியிட்ட வடநாட்டு மக்களின் வரலாற்று நூலில், பனித்தரையில் வரிசையாகத் துவாரங்கள் இட்டு, நீண்ட கழிகளால் கயிற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளி, அடியில் பெரிய வலையை இழுக்கும் காட்சியைச் சித்திரத்தோடு காட்டியிருக்கிறார். மீன் எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால், எங்கும் துழாவுவதே வழி. கனடாவின் வின்னிப்பெக் ஏரியில் இருபதாம் நூற்றாண்டின் மீனவர்கள் அந்தக் கழிகளுக்கு மாற்றாக ஒரு பலகையைப் பயன்படுத்தினார்கள். நடுவில் பிளவும் அதில் ஓர் இரும்புக் கையும் கொண்ட அந்தப் பலகை, துவாரத்தின் வழியே உள்ளே செலுத்தப்பட்டதும் மிதந்து பனிக்கட்டியின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். கயிற்றை இழுத்து இழுத்து விட, இரும்புக் கை கட்டியைக் கவ்விப் பலகையை முன்னே தள்ளும். அது கம்பளிப்பூச்சிபோல் நகர்ந்துகொண்டே போகும். மேலே ஒருவன் அது தட்டும் ஓசையைக் காதால் பின்தொடர்ந்து நடந்து, வேண்டிய தூரம் சென்றதும் அந்த இடத்தில் துளையிட்டுக் கயிற்றை எடுத்து வலை விடுவான். கண் தோற்ற இடத்தில் காது உதவியது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

தூண்டிற்காரனுக்கு இருந்த பெரிய தடை துளையிடும் உழைப்பு. நம்முடைய கடப்பாரையைப்போல் நுனி உளியான ஓர் இரும்புத் தண்டால், இரண்டடி கனமுள்ள கட்டியைக் குத்திக் குடைவதற்குள் ஒரு திடகாத்திரனுக்கும் மூச்சு வாங்கிவிடும். அப்படிப் பாடுபட்டு வெட்டிய துவாரத்தில் மீன் இல்லையென்றாலும், அதை விட்டுப் போக மனம் வருமா? அதன்மேல் வீட்டைக் கட்டிக்கொண்டு, அடுப்பு மூட்டி, சீட்டு விளையாடிக்கொண்டு, மீன் தானே வரட்டும் என்று காத்திருப்பதே வழக்கமாயிற்று. தச்சரின் துறப்பணத்தைப் பெரிதாக்கியதுபோன்ற கைத்துறப்பணம், சிறப்பாகச் சுவீடனின் மோரா நகரத்துப் பெயர் தாங்கியது, இந்த உழைப்பைப் பாதியாக்கியது. பெட்ரோல் எஞ்சின் பூட்டிய துறப்பணம் பிறகு அதைச் சில நிமிஷ வேலையாக்கியது. ஓக் இலைக்குப் பதிலாக, மீன் இழுத்ததும் விசை விடுபட்டு நிமிரும் சிறு கொடியும் வந்தது. நூற்கண்டு காற்றில் இருந்தால் உறைந்துபோகும் என்பதால், அதை நீருக்குள்ளேயே அமைத்த யுக்தி மெச்சத்தக்கது. இவ்வளவும் வந்தபின்னரும் இரண்டாவது கேள்வி அப்படியே நின்றது. எவ்வளவு வேகமாகத் துளையிட்டாலும், குருடன் வேகமாக நடந்ததற்கு ஒப்பாகவே அது இருந்தது.

விடை பனித்தரையிலிருந்து வரவில்லை. 1826-ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியில், கொலாடோன், ஸ்டுர்ம் என்ற இரு இளைஞர்கள் இரவில் இரண்டு படகுகளில் பிரிந்து சென்றார்கள். ஒரு படகில் நீருக்குள் தொங்கிய மணியை அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சிட ஏற்பாடு. ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், தகரக் குழாய் ஒன்றை நீரில் ஆழ்த்திக் காதை வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணித்தவர் கொலாடோன். நீரில் ஒலி நொடிக்கு 1,435 மீட்டர் செல்கிறது என்று கண்டார்கள்; காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்கு. ஒலியின் வேகம் தெரிந்துவிட்டால், எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாம் என்பது கணிதம் அறிந்தவருக்குப் புலப்படும். ஆனால் அதற்கு அவசியம் ஏற்பட மேலும் எண்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

பனிமலையில் மோதிய டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 15-ஆம் தேதி மூழ்கியது. அந்தத் துயரத்தின் விளைவாக, இருளிலும் மூடுபனியிலும் பனிமலையை முன்கூட்டி அறிய வழி தேடியவர்கள் பலர். இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸனும், ஜெர்மனியில் அலெக்ஸாண்டர் பெஹ்மும் எதிரொலி முறைக்கு உரிமைப்பத்திரம் கோரினார்கள். கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெஸ்ஸென்டன், தாம் அமைத்த நீரடி ஒலிப்பானை 'மயாமி' என்ற கப்பலில் ஏற்றி, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கடலில் 1914 ஏப்ரலில் சோதித்தபோது, ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவிலிருந்த பனிமலையின் எதிரொலியும், கூடவே கடலடியின் எதிரொலியும் அவருக்குக் கிடைத்தன. முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பொருட்டு, பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்ஜெவான், மின்சாரம் பாய்ந்தால் அதிரும் குவார்ட்ஸ் கல்லைக் கொண்டு, மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியை எழுப்பிப் பெற்றார். பனிக்கட்டியைக் கண்டு விலகுவதற்காகப் பிறந்த வித்தை, பிற்பாடு பனிக்கட்டியின்மேல் உட்கார்ந்திருப்பவனுக்கே கண்ணாக அமைந்தது.

மீனைக் காண இந்த வித்தை உதவியதற்கு மீனின் உடலமைப்பே காரணம். நீரின் ஊடே செல்லும் ஒலி, நீரைப்போன்ற தசையில் பட்டால் பெரிதும் கடந்தே போய்விடும். ஆனால் பல மீன்களின் வயிற்றிலுள்ள காற்றுப்பை, ஒலிக்கு ஒரு சுவராக அமைகிறது. இந்த உண்மையை வைத்துக்கொண்டு, ஜப்பானில் நாகசாகிப் பிரதேசத்து ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் கடல் மீனவருக்குரிய மீன் காட்டும் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவரின் சிறு படகுக்கு அதை இறக்கிக் கொண்டுவந்த பெருமை, அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் 1957-இல் தொழில் தொடங்கிய கார்ல் லோரன்ஸுக்கும் அவர் புதல்வர்களுக்கும் உரியது. 1959-இல் அவர்கள் வெளியிட்ட பச்சை நிறப் பெட்டி, 'சிறு பச்சைப் பெட்டி' என்றே தூண்டிற்காரர் மத்தியில் பெயர் பெற்றது.

அந்தப் பெட்டியின் உள்ளமைப்பு எளிமையின் அழகுடையது. ஒரு மோட்டார், ஒரு வட்டை நொடிக்குப் பல சுற்றுகள் வீதம் ஒரே சீராகச் சுழற்றுகிறது. வட்டின் ஓரத்தில் ஒரு சிறு நியான் விளக்கு. விளக்கு வட்டத்தின் உச்சியைக் கடக்கும் கணத்தில் நீருக்குள் நுண்ணொலி புறப்படுகிறது. எதிரொலி வந்து சேரும் கணத்தில் விளக்கு மினுக்குகிறது. ஏழு மீட்டர் ஆழமென்றால், போகவும் வரவும் பதினான்கு மீட்டர். குளிர்ந்த நன்னீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர். ஆகவே நூறில் ஒரு நொடி. அந்த நூறில் ஒரு நொடிக்குள் விளக்கு வட்டத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அங்கே அது ஒளிரும். அங்கே 'ஏழு' என்று எண் எழுதியிருக்கும். சுழற்சியின் வேகத்தால் கண்ணுக்கு அது அசையாத ஒளிக்கோடாகவே தெரியும். நேரத்தை இடமாக மாற்றிக் காட்டும் இந்த யந்திரத்துக்கு, மின்னுவது என்ற பொருளில், 'பிளாஷர்' என்று பெயர் வந்தது.

படகுக்கென்று செய்யப்பட்ட பிளாஷரைப் பனித்தரைக்கு ஏற்றதாக்கியது மின்னசோட்டாவின் தூண்டிற்காரர்களது கைவேலை. ஒலி எழுப்பும் வில்லை செங்குத்தாகக் கீழ்நோக்கித் தொங்கினாலொழிய எதிரொலி திரும்பி வராது. முதலில் அதை ஓர் உலோகக் கையில் பொருத்தி, கொத்தனார் சுவருக்கு வைப்பதுபோல் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார்கள். பிறகு ஒரு மிதவையின் கீழே கம்பியில் தொங்கவிட்டால் அது தன் கனத்தாலேயே நேராக நிற்கும் என்று கண்டார்கள். பெட்டியையும் பாட்டரியையும் ஒரே கைப்பிடியுள்ள கூட்டில் அடக்கினார்கள். இவர்களுள் டேவ் ஜென்ஸ் என்பவரின் பெயர் தனித்துச் சொல்லத்தக்கது. சறுக்குவண்டியின்மேல் குடைபோல் விரியவும் மடங்கவும் கூடிய கூடாரத்தை அவர் அமைத்து, ஓரிடத்தில் வீடு கட்டிக்கொண்டு காத்திருப்பதை விட்டு, பத்துத் துவாரம் இட்டு ஒவ்வொன்றிலும் பிளாஷரை இறக்கிப் பார்த்து, மீன் இல்லாவிட்டால் நகர்ந்துவிட வேண்டும் என்ற முறையை 1980-களில் பரப்பினார். துறப்பணம், கூடாரம், பிளாஷர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் இந்தத் தொழிலின் முகம் மாறியது. தனித்தனியே இருந்திருந்தால் அவற்றுள் எதுவும் அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்திராது.

அந்தக் கருவியின் முன்னே உட்கார்ந்திருப்பவன் காண்பது என்ன? முதலில் துறப்பணம் விட்டுச்சென்ற பனிச்சிதறலை, நம் வீட்டுப் பூந்தி ஜாரணி போன்ற ஓட்டைக் கரண்டியால் வாரி எறிகிறான். வில்லையை இறக்குகிறான். வட்டத்தில் ஏரியின் அடித்தரை அகன்ற சிவப்புப் பட்டையாக எரிகிறது. 1980-களின் பிற்பகுதியில் வந்த வெக்ஸிலார் எஃப்எல்-8 என்னும் கருவி முதலாக, மெல்லிய எதிரொலி பச்சையாகவும், நடுத்தரமானது ஆரஞ்சாகவும், வலிமையானது சிவப்பாகவும் தோன்றும் ஏற்பாடு பரவியது. இரையை இறக்கும்போது ஒரு பச்சைக் கீற்று மேலிருந்து கீழே நகர்ந்து வருகிறது. கோலை ஓர் அங்குலம் தூக்கினால் கீற்றும் தூக்கி இறங்குகிறது. அடித்தரைக்குச் சற்று மேலே திடீரென்று இன்னொரு பச்சைக் கீற்று துடிக்கிறது: வில்லையிலிருந்து விரிந்து இறங்கும் ஒலிக்கூம்பின் ஓரத்தில் ஒரு மீன். கீற்று ஆரஞ்சாகிறது, சிவக்கிறது, மீன் நேர்கீழே வந்துவிட்டது. சிவப்புக் கோடு மெல்ல எழும்பி இரையின் கோட்டை நெருங்குகிறது. அப்போது உள்ளே இருப்பவன் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறான். தர்க்க நூலார் வேண்டிய புகை கடைசியில் கிடைத்துவிட்டது. மூன்று கேள்விகளுக்கும் ஒரே வட்டத்தில் விடை.

இதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவையாகப் படுகிறது. படகுகளில் சுழல்வட்டின் காலம் சீக்கிரத்திலேயே முடிந்தது. நீர்மப்படிகத் திரையில் ஏரியின் அடித்தரையை வரைபடமாக ஓடவிடும் கருவிகள் வந்தவுடன், பிளாஷரைப் பழம்பொருளென்று ஒதுக்கிவிட்டார்கள். பனித்தரையிலோ அது பல ஆண்டுகள் கோலோச்சியது. அக்காலத்து நீர்மப்படிகத் திரைகள் கடுங்குளிரில் மந்தமடைந்து, கோடுகள் இழுபட்டுத் தாமதித்தே தோன்றின. சுழலும் வட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலும், ஓடும் வரைபடம் கடந்துபோனதைக் காட்டுவது. நகரும் படகில் அது வந்த வழியின் சித்திரம். ஒரே துவாரத்தின்மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு வேண்டியது இந்தக் கணம் ஒன்றே. கையை அசைத்ததும் கோடு அசைய வேண்டும். ஆகவே புதுமையைக் கண்டு மயங்காமல் பழைய யந்திரத்தை அவன் போற்றிவைத்தது பழமைப்பற்றினால் என்று சொல்வதற்கில்லை. இந்தத் தொழிலில் கருவிகளுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரி குளிர்தான் என்பதை அவன் அறிந்திருந்தான்.

அந்த அதிகாரியின் கண்டிப்பு பாட்டரியில் இன்னும் தெளிவாகத் தெரியும். அமிலமும் ஈயமும் கொண்ட பன்னிரண்டு வோல்ட் பாட்டரி, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் தன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். காலையில் நிறைத்துக்கொண்டு போனது பிற்பகலுக்குள் சோர்ந்து போவதை அனுபவித்தவர்கள், கணக்கிட்டதற்கு இரு மடங்கு சுமக்கப் பழகினார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிகள் வந்து அந்தச் சுமையைப் பாதிக்கும் கீழே குறைத்தன. ஆயினும் உறைநிலைக்குக் கீழே அவற்றை மின்னேற்றினால் கெட்டுவிடும் என்பதால், வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் தணிந்த பிறகே ஏற்ற வேண்டும். பெட்ரோல் துறப்பணத்தின் புகையும் இரைச்சலும் நீங்கி, இன்று மின்துறப்பணம் பரவியதும் இந்தப் பாட்டரிகளாலேயே.

இவ்வாறு ஒவ்வொன்றையும் தேர்ந்துகொள்வதில் ஒரு சாஸ்திரமே வளர்ந்தது. ஒலிக்கூம்பின் கோணம் இருபது டிகிரியானால், அது தரையில் வீழ்த்தும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது மீட்டர் ஆழத்தில் மூன்று மீட்டர் வட்டம். ஆழங்குறைந்த இடத்துக்கு விரிந்த கூம்பு நல்லது. ஆழத்துக்கும், சரிவான தரைக்கும் ஒடுங்கியது நல்லது. வாரக்கடைசியில் கூட்டம் நெருங்கிய ஏரியில், பக்கத்துக் கூடாரத்தான் எழுப்பும் ஒலி நம் வட்டத்தில் சம்பந்தமில்லாத கோடுகளைக் கிறுக்கும். அதை விலக்க ஒரு குமிழ் வேண்டும். ஈயத்தைவிட மிகக் கனமான டங்ஸ்டனில் இரையை வார்த்தால், உருவம் சிறுத்தும் கனம் குறையாமல் விரைவாக இறங்கும். தெளிந்த பனிக்கட்டியாக இருந்தால், மேலே சற்று நீரை ஊற்றி, வில்லையை அதன்மேல் வைத்து, துளையிடுமுன்பே ஆழத்தை அறிந்துகொள்ளலாம். வெண்ணிறமாகக் காற்றுக் குமிழ்கள் கலந்து உறைந்த கட்டியில் இது பலிக்காது.

பிறகு வந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். வானிலுள்ள செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். கருவி, பொதுமக்களுக்குக் கிடைத்த குறியை வேண்டுமென்றே மங்கச்செய்யும் வழக்கத்தை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நிறுத்தியவரை, நூறு மீட்டர்வரை பிசகக்கூடியதாக இருந்தது. அதன்பிறகு, எங்கும் ஒரே வெண்மையாய்க் கிடக்கும் ஏரியில் சென்ற வாரத்துத் திட்டுக்கு நேரே போய் நிற்பது சாத்தியமாயிற்று. நீருக்குள் இறக்கும் சிறு காமிராக்கள் 1990-களின் பிற்பகுதியில் பரவி, இருட்டு வீட்டின் பிரத்தியட்சத்தை ஆழ்நீருக்கும் கொண்டுபோயின. 2018-இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் முதலிய கருவிகள் வந்து, நேர்கீழே மட்டுமின்றிச் சுற்றுப்புறத்திலும் மீன் நீந்துவதை நீந்தும்போதே திரையில் காட்டத் தொடங்கின. துவாரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வில்லையைச் சுற்றித் திருப்பி, இருபது முப்பது மீட்டருக்கு அப்பால் கூட்டம் நிற்பதைக் கண்டு, அங்கே போய் அடுத்த துவாரத்தை இடுகிறான்.

இவ்வளவு தெளிவாகக் காண்பது நியாயமா என்ற விவாதம் இப்போது எழுந்திருக்கிறது. மீன்பிடிப் போட்டி நடத்துவோர் சிலர் இத்தகைய கருவிகளுக்குக் கட்டுப்பாடும் விதித்திருக்கிறார்கள். விவாதத்தில் ஒரு பகுதி வெறும் பொறாமையாக இருக்கலாம். ஆனால் ஒரு பகுதி கருதத்தக்கது. பத்து மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து மீனை இழுத்தால், நீரின் அழுத்தம் நீங்குவதால் அதன் காற்றுப்பை உப்பிவிடுகிறது. இரக்கப்பட்டு மீண்டும் நீரில் விட்டாலும் பல மீன்கள் பிழைப்பதில்லை. எந்த உறுப்பு அதைக் கருவிக்குக் காட்டிக்கொடுத்ததோ, அதே உறுப்பு அதன் உயிருக்கும் எமனாகிறது. ஆழ்நீரில் மீன் இருப்பதை முன்பு யாரும் அறியாததால் அதற்கு ஒரு காவல் இருந்தது. அந்தக் காவல் போய்விட்டபோது, சட்டமோ மனிதனின் நிதானமோ அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஆயினும் கருவி வென்றுவிட்டது என்று முடித்துவிடுவதற்கில்லை. முற்காலத்தில் மாலைவரை கொடி நிமிராவிட்டால், 'மீன் இல்லை' என்று சொல்லிவிட்டு மனிதன் நிம்மதியாக வீடு திரும்பினான். இன்றைக்கு அந்த ஆறுதல் இல்லை. சிவப்புக் கோடு எழும்பி வருகிறது. இரையின் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடுகிறது. அரை நிமிஷம் அங்கேயே நிற்கிறது. பிறகு மெல்லப் பச்சையாகி, தரையோடு கலந்து மறைகிறது. இரையின் நிறத்தை மாற்றுகிறான், அளவைக் குறைக்கிறான், அசைவை நிறுத்திப் பார்க்கிறான். இன்னொரு கோடு வருகிறது, அதுவும் போகிறது. ஒரு நாளில் இருபது மீன்கள் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனதை எண்ணிக் கணக்கு வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் மனிதன், மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவன். நான்காவதாக ஒன்று, 'இதற்கு விருப்பமா?' என்று, அதுவரை மறைந்திருந்தது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அதைக் கம்பளிக்குள் தலைவைத்துக் குப்புறப் படுத்து, மரமீனை அப்படியும் இப்படியும் நீந்தவிட்டுக்கொண்டிருந்த ஓஜிப்வே வேடன், பெரிய மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனபோதெல்லாம் கண்டிருப்பான்.

மின்னசோட்டாவின் சட்டம் வேனிற்காலத்தில் ஒருவருக்கு ஒரு தூண்டிலும், பனித்தரையில் இரண்டும் அனுமதிக்கிறது. ஆகவே, வண்ணத் திரையின் வெளிச்சம் முகத்தில் விழக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அதே மனிதனுக்கு, வெளியே பத்தடி தள்ளி இன்னொரு துவாரமும் உண்டு. அங்கே வில்லையும் இல்லை, வட்டமும் இல்லை. உறையாத நூற்கண்டு நீருக்குள் கிடக்க, விசையில் மடங்கிய ஒரு சிறு கொடி மாத்திரம் பனிக்காற்றில் காத்திருக்கிறது. திரையிலிருந்து கண்ணை எடுக்கும்போதெல்லாம் அவன் கூடாரத்தின் கதவை விலக்கி, வால்டன் குளத்து மீனவர் தம் ஓக் இலையைப் பார்த்ததைப்போல், அதை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறான்.